சாமி யார் பக்கம்? வீட்டு பக்தியும் பிள்ளையின் தன்மதிப்பும்

பக்தியுள்ள வீட்டில் வளர்கிற பிள்ளை தெம்பாக வளருமா, பயந்து வளருமா? இந்தக் கேள்விக்கு எல்லாரிடமும் பதில் தயாராக இருக்கிறது. நம்பிக்கையுள்ளவர் முதல் பதிலைச் சொல்வார். நம்பிக்கையை உதறிவிட்டு வந்தவர் இரண்டாவதைச் சொல்வார். இரண்டு பேரும் தங்கள் வீட்டில் கண்டதைத்தான் சொல்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஒரே மதம், ஒரே வழிபாடு, ஒரே வேதம்தான். ஆனால் ஒரு வீட்டில் பிள்ளைக்குத் துணையாக நிற்பது, பக்கத்து வீட்டில் பிள்ளையின் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

ஏன் இப்படி என்று புரிய வேண்டுமானால், தன்மதிப்பு என்று எதைச் சொல்கிறார்கள், வளர்ப்பு முறைகளை எப்படிப் பிரிக்கிறார்கள், பக்தி என்ற பெயரில் எதை அளக்கிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும். கடைசியில் உள்ளதுதான் சிக்கலானது. மற்ற இரண்டையும் முதலில் முடித்துவிடுவோம்.

தன்மதிப்பு

"கணக்கில் நான் புலி" என்பது திறமை பற்றிய நம்பிக்கை. "கணக்கில் நான் மட்டம்தான், அதற்காக நான் உருப்படாதவன் இல்லை" என்பது தன்மதிப்பு. மதிப்பெண் குறைந்தாலும், விளையாட்டில் தோற்றாலும், தன்னை ஒரு மனிதனாக மதிக்கும் எண்ணம் உள்ளே கெடாமல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இதை அளக்க மோரிஸ் ரோசன்பர்க் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1965-ல் பத்தே வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். மொத்தத்தில் என்னைப் பற்றி எனக்குத் திருப்தி உண்டா, சில நேரம் நான் எதற்குமே லாயக்கில்லை என்று தோன்றுகிறதா என்ற மாதிரியான வாக்கியங்கள். ஒவ்வொன்றையும் எந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறோம் என்று குறித்தால் போதும். இன்றும் உலகம் முழுக்க இதைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள்.

சின்னப் பிள்ளைகளிடம் இந்தக் கேள்விகள் செல்லாது. ஐந்து வயதுக் குழந்தையிடம் "உன்னை உனக்குப் பிடிக்குமா?" என்று கேட்டால், "நான் வேகமா ஓடுவேன்" என்று பதில் வரும். தன்னை மொத்தமாக எடைபோட்டு வார்த்தையில் சொல்வது ஏறக்குறைய எட்டு வயதில்தான் வருகிறது என்று இந்தத் துறையில் நெடுநாள் ஆராய்ந்த சூசன் ஹார்ட்டர் காட்டியிருக்கிறார். ஆனால் அதற்கான சரக்கு அதற்கு முன்பே சேர்ந்துவிடுகிறது. மற்றவர்கள் நம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்று நாம் நினைக்கிறோமோ, அப்படித்தான் நம்மை நாமே பார்க்கிறோம் என்று சார்லஸ் கூலி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1902-லேயே எழுதினார். சிறு குழந்தைக்கு "மற்றவர்கள்" என்றால் பெரும்பாலும் அப்பா, அம்மா, வீட்டில் இருக்கும் பெரியவர்கள்தான்.

அப்படியானால் ஓயாமல் பாராட்டிக்கொண்டே இருந்தால் தன்மதிப்பு ஏறிவிடுமா? ஏறாது. நெதர்லாந்தில் 565 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2015-ல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. "என் பிள்ளை மற்ற பிள்ளைகளைவிட உசத்தி" என்று நினைக்கும் பெற்றோரின் பிள்ளைகளிடம் நாளாக நாளாகத் தலைக்கனம் கூடியது. அன்பும் அரவணைப்பும் கிடைத்த பிள்ளைகளிடம் தன்மதிப்பு கூடியது. ஏழு முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளிடமே இந்த இரண்டும் தனித்தனிப் பாதையில் போகின்றன.

நான்கு வீடுகள்

வளர்ப்பு முறை பற்றிய பேச்சு டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளரிடமிருந்து தொடங்குகிறது. 1960-களில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் மழலையர் பள்ளிக் குழந்தைகளையும் அவர்கள் பெற்றோரையும் கூர்ந்து கவனித்து மூன்று வகை வளர்ப்பைப் பிரித்தார். 1983-ல் எலினோர் மெக்கோபியும் ஜான் மார்ட்டினும் அதை இரண்டு கேள்விகளாகச் சுருக்கினார்கள். பிள்ளையிடம் எவ்வளவு கனிவு காட்டுகிறார்கள்? பிள்ளையிடம் எவ்வளவு எதிர்பார்க்கிறார்கள்? இரண்டுக்கும் "அதிகம்", "குறைவு" என்று பதில் போட்டால் நான்கு வகை கிடைக்கும்.

ஏட்டுச் சொற்களில் விளக்குவதைவிட ஒரு சம்பவத்தை வைத்துப் பார்ப்பது சுலபம். ஒன்பது வயதுப் பையன். தேர்வில் மதிப்பெண் குறைந்துவிட்டது. விடைத்தாளில் அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டுக் கொடுத்துவிட்டான். மாட்டிக்கொண்டான்.

முதல் வீட்டில் விசாரணையே கிடையாது. "என் கையெழுத்தையே போடுற அளவுக்கு வந்துட்டியா?" என்று அடி விழுகிறது. ஏன் செய்தான் என்று யாரும் கேட்கவில்லை. இது கண்டிப்பு மட்டும் உள்ள வீடு. இரண்டாவது வீட்டில் அம்மா சிரித்துவிடுகிறாள். "பாவம், பயந்துட்டான். விடுங்க, சின்னப் பையன்." இது செல்லம் மட்டும் உள்ள வீடு. மூன்றாவது வீட்டில் பள்ளியிலிருந்து வந்த குறிப்பை யாரும் படிக்கவே இல்லை. அது இரண்டு நாள் மேசைமேல் கிடந்துவிட்டுக் குப்பைக்குப் போகிறது.

நான்காவது வீட்டில் அப்பா பையனை உட்காரவைத்துக் கேட்கிறார்: "என்கிட்ட காட்ட ஏன்டா பயந்தே?" பதில் வரும்வரை காத்திருக்கிறார். அப்புறம் சொல்கிறார்: "மார்க் கம்மியானதுக்கு நான் கோபப்படல. ஆனா கையெழுத்துப் போட்டது பொய். நாளைக்கு நீயே டீச்சர்கிட்ட சொல்லணும். நானும் கூட வர்றேன்." தண்டனை இருக்கிறது, லேசான தண்டனையும் இல்லை. ஆனால் "கூட வர்றேன்" என்பதும் இருக்கிறது. கண்டிப்பும் கனிவும் சேர்ந்த வளர்ப்பு என்பது இதுதான்.

பையன் தன்னைப் பற்றி ஒவ்வொரு வீட்டிலும் என்ன கற்றுக்கொள்கிறான் என்று பாருங்கள். முதல் வீட்டில், நான் கெட்டவன். இரண்டாவதில், நான் செய்வது எதுவும் பெரிய விஷயம் இல்லை. மூன்றாவதில், நானே ஒரு விஷயம் இல்லை. நான்காவதில், நான் தப்பு செய்தேன், சரிசெய்ய என்னால் முடியும்.

ஆய்வுகளும் இந்தத் திசையில்தான் பேசுகின்றன. ஸ்டான்லி கூப்பர்ஸ்மித் 1967-ல் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்பு அதிகமுள்ள சிறுவர்களின் வீடுகளில் எல்லைகள் தெளிவாக வரையப்பட்டிருந்தன, அவை கடைப்பிடிக்கவும்பட்டன. எல்லைக்குள் பிள்ளைக்குப் பேச்சுரிமை இருந்தது. கட்டுப்பாடே இல்லாத வீட்டில்தான் பிள்ளை சுதந்திரமாக மலரும் என்று நம்பியவர்களுக்கு இது அன்று ஏமாற்றமாக இருந்திருக்கும். ரோசன்பர்க் கண்டது இன்னும் உறுத்தலானது. பிள்ளையின் நண்பர்கள் யார் என்று தெரியாத, மதிப்பெண் அட்டையைக் கண்டுகொள்ளாத, சாப்பாட்டு நேரத்தில் பிள்ளை பேசுவதைக் காதில் வாங்காத பெற்றோரின் பிள்ளைகளுக்கு, திட்டு வாங்கும் பிள்ளைகளைவிடவும் தன்மதிப்பு குறைவாக இருந்தது. மூன்றாவது வீடுதான் மோசம்.

எண்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் வந்த அலசலில், கனிவும் கண்டிப்பும் கலந்த வளர்ப்புக்கும் தன்மதிப்புக்கும் உள்ள தொடர்பின் அளவு ஏறக்குறைய 0.26 (தொடர்பே இல்லை என்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1). பிள்ளைகளுக்கு இடையே காணும் வித்தியாசத்தில் ஏழு சதவீதம் போல இதோடு ஒட்டி வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். பெரிதும் இல்லை, ஒதுக்கவும் முடியாது. மீதிக்குப் பிறவிக் குணம், பள்ளி, நண்பர்கள், தோற்றம் பற்றிய கவலை என்று எத்தனையோ காரணங்கள். அதோடு, எது காரணம் எது விளைவு என்பதும் அவ்வளவு எளிதல்ல. சுமுகமாகப் பழகும் பிள்ளையிடம் பெற்றோருக்கும் கனிவு தானாக வரும். எதற்கெடுத்தாலும் சுருண்டுபோகிற பிள்ளையிடம் பொறுமை இழப்பதும் நடக்கும். "உங்கள் வளர்ப்புதான் எல்லாம்" என்று பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற அறிவுரைகள் இந்த எண்களைப் பார்த்துவிட்டு எழுதப்பட்டவை அல்ல.

பக்தி எங்கே நுழைகிறது

வாரத்துக்கு எத்தனை முறை வழிபாட்டுக்குப் போகிறீர்கள், வீட்டில் தினமும் பிரார்த்தனை உண்டா, மதம் உங்கள் வாழ்க்கையில் எவ்வளவு முக்கியம்? ஆய்வுகளில் ஒரு குடும்பத்தின் பக்தியை அளக்கப் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கிறார்கள். எண்ணுவதற்கு வசதியான கேள்விகள். இவற்றை மட்டும் வைத்துப் பார்த்தால், பக்திக்கும் தன்மதிப்புக்கும் உள்ள நேரடித் தொடர்பு ஓர் ஆய்வில் கொஞ்சம் தெரியும், இன்னொன்றில் தெரியாமல் போகும்.

என் பார்வையில் காரணம் எளியது. "தினமும் பிரார்த்தனை உண்டு" என்ற கட்டத்தில் முதல் வீடும் நான்காவது வீடும் ஒன்றாக டிக் அடிக்கின்றன. எத்தனை முறை என்பது காகிதத்தில் வருகிறது, எந்தக் குரலில் என்பது வருவதில்லை. பக்தி என்பது வீட்டில் ஏற்கெனவே இருக்கும் வளர்ப்பு முறைக்கு ஒலிபெருக்கி மாதிரி. கனிவு இருந்தால் கனிவைப் பெரிதாக்கும், மிரட்டல் இருந்தால் மிரட்டலைப் பெரிதாக்கும்.

அந்த ஒன்பது வயதுப் பையனிடமே திரும்பிப் போவோம். முதல் வீட்டில் அடியோடு ஒரு வாக்கியமும் சேர்ந்து வருகிறது: "சாமி உன்னைச் சும்மா விடாது." நான்காவது வீட்டிலும் சாமி வருகிறது: "பயமா இருந்தா காலையில ஒரு நிமிஷம் கும்பிட்டுட்டுக் கிளம்பலாம். உண்மையைச் சொல்றவங்களுக்குச் சாமி துணை இருக்கும்." இரண்டு வீட்டிலும் அதே சாமிதான். ஒரு வீட்டில் அது பையனுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது, இன்னொன்றில் அவனோடு பள்ளிக்கு நடந்து வருகிறது.

"சாமி கண்ணைக் குத்தும்" என்று நாம் விளையாட்டாகச் சொல்வதை 1964-லேயே ஒருவர் ஆய்வு செய்திருக்கிறார். கிளைட் நன் என்ற அந்த ஆய்வாளர், பிள்ளையை அடக்கப் பெற்றோர் கடவுளைக் கூட்டணி சேர்த்துக்கொள்கிறார்கள் என்றார். யார் அப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தபோது, தங்கள் சொல் வீட்டில் எடுபடவில்லை என்ற நிலையில் உள்ள பெற்றோர்தான் அதிகம். பலன் இல்லாமலும் இல்லை, பிள்ளைகள் கீழ்ப்படிந்தார்கள். ஆனால் தப்பு நடந்தால் தங்களையே பழித்துக்கொள்ளும் போக்கும் அந்தப் பிள்ளைகளிடம் கூடுதலாக இருந்தது.

இது ஏன் என்று யோசித்தால் புரியும். அப்பாவின் கோபத்துக்கு முடிவு உண்டு. சாயங்காலம் ஆனால் தணிந்துவிடும். பாட்டியிடம் போய் முறையிடலாம். அப்பா வெளியே போனதும் மூச்சு விடலாம். கடவுளின் கோபத்துக்கு இது எதுவும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டாலும் அது பார்க்கிறது, மனசுக்குள் நினைத்ததும் அதற்குத் தெரிகிறது. அதற்கு மேல் போய் முறையிட யாரும் இல்லை. பெரியவர்களுக்கு அது ஒரு பேச்சு. ஆறு வயதுப் பிள்ளைக்கு அது நிஜம். பாட்டிக்கு உடம்பு சரியில்லாமல் போனால் "நான் பொய் சொன்னதால்தான்" என்று ராத்திரி விழித்துக்கொண்டிருக்கிற பிள்ளை எதையும் கற்பனையாகச் சேர்த்துக்கொள்ளவில்லை, சொன்னதை அப்படியே நம்பியிருக்கிறது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு பிரிப்பு உண்டு. பிரையன் பார்பர் 1990-களில் கட்டுப்பாட்டை இரண்டாகப் பிரித்தார். எத்தனை மணிக்கு வீடு திரும்ப வேண்டும், வீட்டுப்பாடம் முடித்தாயா என்பவை நடத்தையைக் கட்டுப்படுத்துவது. "நீ இப்படிச் செய்தால் நான் உன்னோடு பேசமாட்டேன்", "உன்னால்தான் எனக்கு இந்தக் கஷ்டம்" என்பவை மனதைக் கட்டுப்படுத்துவது. முதலாவது அளவோடு இருந்தால் பிள்ளைக்கு நல்லது. இரண்டாவது மனச்சோர்வோடும் தன்மதிப்புக் குறைவோடும் திரும்பத் திரும்பத் தொடர்புபட்டு வருகிறது. பக்தியின் பெயரால் இரண்டையுமே செய்யலாம். "வழிபாட்டு நேரத்தில் போனை எடுக்காதே" என்பது முதல் வகை. "நீ இப்படி இருந்தால் கடவுளுக்கே உன்னைப் பிடிக்காது" என்பது இரண்டாவது வகை.

கடவுளைப் பற்றிய பிள்ளையின் படமும் சும்மா வருவதில்லை. பீட்டர் பென்சனும் பெர்னார்ட் ஸ்பில்காவும் 1973-ல் கத்தோலிக்கப் பதின்வயதுப் பையன்களிடம் ஆய்வு செய்தார்கள். எல்லாரும் ஒரே சமயப் போதனையைக் கேட்டு வளர்ந்தவர்கள். தன்மதிப்பு அதிகமுள்ள பையன்களுக்குக் கடவுள் அன்பானவராகத் தெரிந்தார். குறைவானவர்களுக்குத் தங்களை ஒதுக்குபவராகத் தெரிந்தார். இதில் கவனிக்க வேண்டியது திசை. தன்னை வெறுக்கும் பிள்ளைக்கு, அன்பான கடவுள் என்று எவ்வளவு சொன்னாலும் அது மனதில் ஒட்டுவதில்லை என்பதுதான் அவர்கள் கொடுத்த விளக்கம். அப்படியானால் பிரசங்கத்தைவிட வீட்டில் நடப்பது முந்திக்கொள்கிறது.

பக்தி கொடுப்பது

இதுவரை சொன்னதைப் பார்த்துவிட்டு பக்தி என்றாலே மிரட்டல் என்று முடிவு கட்டினால் அதுவும் தப்பு. அமெரிக்காவில் பழமைவாதப் புராட்டஸ்டன்ட் குடும்பங்களைச் சமூகவியலாளர்கள் 1990-களில் ஆராய்ந்தபோது எதிர்பார்க்காத ஒன்று தெரிந்தது. அந்தப் பெற்றோர் பிள்ளைகளை அடிப்பதை மற்றவர்களைவிட அதிகம் ஆதரித்தார்கள். அதே பெற்றோர்தான் பிள்ளைகளைக் கட்டி அணைப்பதும் பாராட்டுவதும் அதிகம், கத்துவதும் குறைவு. "கண்டிப்பான மதக் குடும்பம்" என்று ஒரே பெட்டியில் போட்டு மூடினால் இது தெரியாமல் போய்விடும். அடிப்பதை நான் ஆதரிக்கவில்லை; அது பிள்ளைக்கு நன்மை செய்வதாக ஆய்வுகளும் சொல்லவில்லை. ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவர் முதல் வீடு என்று நினைப்பது உள்ளே நான்காவது வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கலாம்.

அப்புறம், சமயக் கூட்டம் என்பது வெறும் நம்பிக்கை அல்ல, ஆட்களும்கூட. பெற்றோர் அல்லாத பெரியவர்கள் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். வகுப்பில் கடைசி பெஞ்சில் வாயே திறக்காத பெண்ணுக்குப் பாடல் குழுவில் ஓர் இடம் கிடைக்கிறது. அவள் வராத வாரம் "எங்கே காணோம்?" என்று யாரோ கேட்கிறார்கள். மதிப்பெண்ணோ தோற்றமோ பார்க்காமல் "நீ வேண்டும்" என்று சொல்லும் இடங்கள் பதின்வயதில் குறைவு. ஆய்வுகளில் பக்திக்குப் போய்ச் சேரும் நன்மையில் ஒரு பங்கு உண்மையில் இந்த ஆட்களைச் சேர்ந்தது என்று நினைக்கிறேன்.

ஆனால் இந்த நன்மை ஊரைப் பொறுத்தும் மாறும். பதினொரு ஐரோப்பிய நாடுகளில் ஏறத்தாழ 1,88,000 பேரின் தரவை வைத்து 2012-ல் வந்த ஆய்வு, மதத்தை மதிக்கும் நாடுகளில்தான் பக்தியுள்ளவர்களுக்குத் தன்மதிப்பு கூடுதல் என்று காட்டியது. மதத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத நாடுகளில் அந்தக் கூடுதல் மங்கிவிட்டது. அது பெரியவர்களைப் பற்றியது. பிள்ளைகளைப் பற்றி ரோசன்பர்க் 1962-லேயே ஒன்று எழுதியிருந்தார். தன் மதத்தவர் குறைவாக இருக்கும் தெருவில் வளர்ந்தவர்களுக்கு, தன் மதத்தவரே நிறைந்த தெருவில் வளர்ந்தவர்களைவிடத் தன்மதிப்பு சற்றுக் குறைவாக இருந்தது. கேலியும் ஒதுக்கலும் அந்தக் கணக்கில் சேர்ந்திருந்தன. ஆக, வீட்டுக்குள் எவ்வளவு கனிவாகச் சொன்னாலும், பள்ளியில் அதே அடையாளத்துக்காகக் கிண்டல் வாங்கும் பிள்ளைக்கு வேறு விதமான துணை தேவைப்படும். அதைப் பற்றி வீட்டில் வாய்விட்டுப் பேசுவது அதில் முதலாவது.

"நான் வரலை" என்று சொல்லும் வயது

பதின்மூன்று, பதினான்கு வயதில் ஒரு நாள் அந்தப் பேச்சு வரும். "நான் வழிபாட்டுக்கு வரலை. எனக்கு நம்பிக்கை இல்லை." பெற்றோருக்கு நெஞ்சு பதறும். பிள்ளை நம்பிக்கையைத்தான் மறுக்கிறதா, பெற்றோரையே மறுக்கிறதா என்று அந்த நேரத்தில் பிரித்துப் பார்க்க முடியாது.

இங்கே கார்டன் ஆல்போர்ட்டும் மைக்கேல் ராஸும் 1967-ல் செய்த பிரிப்பு உதவும். சிலருக்கு மதம் உள்ளேயிருந்து வருகிறது, அதன்படியே வாழ்கிறார்கள். சிலர் மதத்தை அந்தஸ்துக்கும் பாதுகாப்புக்கும் நாலு பேர் பார்வைக்கும் பயன்படுத்திக்கொள்கிறார்கள். பிள்ளையின் மறுப்புக்குப் பெற்றோர் சொல்லும் முதல் பதிலிலேயே இது வெளிப்பட்டுவிடும். "பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?" என்று கேட்டால், பெற்றோருக்கு நம்பிக்கையைவிட நாலு பேர் முன்னால் தங்கள் முகம்தான் பெரிது என்று பிள்ளை புரிந்துகொள்கிறது. "எது நம்பக் கஷ்டமா இருக்கு?" என்று கேட்டால் பேச்சு தொடரும். இதே வீட்டில் "வர்றதும் வராததும் உன் இஷ்டம், ஆனா விசேஷ நாள்ல குடும்பத்தோட இருக்கணும்" என்று ஓர் எல்லையும் வைக்கலாம். கூப்பர்ஸ்மித் கண்ட வீடுகளில் இருந்ததும் இந்த அமைப்புதான்: எல்லை ஒன்று, அதற்குள் பேச்சுரிமை.

கேள்வி கேட்கும் பிள்ளையைவிட நான் கவலைப்படுவது கேட்காமல் உள்ளுக்குள் வதங்கும் பிள்ளையைப் பற்றித்தான். கென்னத் பார்கமென்ட் கஷ்ட காலத்தில் மனிதர்கள் மதத்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்தவர். "கடவுள் துணை இருக்கிறார்" என்று சாய்ந்துகொள்வது மனநலத்தோடு சேர்ந்து வருகிறது. "கடவுள் என்னைத் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார்" என்று எடுத்துக்கொள்வது மன உளைச்சலோடு சேர்ந்து வருகிறது. தேர்வில் தோற்ற பிள்ளை, நோய் வந்த பிள்ளை, தன் உடலைப் பற்றிக் குழம்பும் பிள்ளை வாயிலிருந்து "நான் பாவி", "இது எனக்கு வேணும்" என்ற பேச்சு திரும்பத் திரும்ப வந்தால், அதைப் பக்தி முற்றியதாக நினைத்து மகிழ்ந்துவிடக் கூடாது. தூக்கம், சாப்பாடு, படிப்பு கெடும் அளவுக்குப் போனால் மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போக வேண்டும்.

இன்னொன்று பெற்றோர் இருவருக்கும் இடையே நடப்பது. அமெரிக்காவில் பள்ளி தொடங்கும் வயதுப் பிள்ளைகளை வைத்து 2008-ல் வெளியான ஆய்வில், குடும்பமாக வழிபாட்டுக்குப் போவதும் வீட்டில் மதம் பற்றிப் பேசுவதும் பிள்ளையின் நல்ல வளர்ச்சியோடு சேர்ந்து வந்தன. ஆனால் அப்பாவும் அம்மாவும் மதத்தை வைத்துச் சண்டை போடும் வீடுகளில் நிலைமை தலைகீழ். ஒருவருக்கு நம்பிக்கை உண்டு, மற்றவருக்கு இல்லை என்பதால் மட்டும் பிள்ளை கெட்டுவிடாது. இரண்டு பேரும் தனித்தனியாகப் பிள்ளையைக் கூப்பிட்டு மற்றவரைப் பற்றிக் குறை சொல்லும்போதுதான், யாரை நேசித்தாலும் இன்னொருவருக்குத் துரோகம் என்ற நிலைக்குப் பிள்ளை தள்ளப்படுகிறது. "அம்மா கும்பிடுவா, நான் கும்பிட மாட்டேன். நீ ரெண்டு பேர்கிட்டயும் என்ன வேணா கேக்கலாம்" என்று அப்பா ஒரு முறை அம்மாவின் முன்னிலையிலேயே சொல்லி, அம்மாவும் தலையாட்டிவிட்டால் அந்தப் பாரத்தில் பெரும்பகுதி இறங்கிவிடும்.